நடுவில் மடித்த நார்

ஜூன் 3

பல்லுக்காரருக்கு,

நலம், நலமறிய ஆவல் என்றெல்லாம் எழுதப்போவதில்லை. ஒரு பொருள் வேண்டும். அதற்காகத்தான் இந்தக் கடிதம். வேறு சாக்கு எதுவும் இல்லை.

கிளம்பும்போது இந்த மலை உச்சியில் எனக்கு என்ன வேலை என்று நீங்கள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. காலையில் ஒரு தடவை, அந்தி சாயும்போது ஒரு தடவை பலூனில் வாயு நிரப்பி மேலே விட வேண்டும். அது போகிற போக்கைத் தொலைநோக்கியில் பார்த்து, காற்று எங்கிருந்து எங்கே போகிறது, என்ன வேகம் என்று வயர்லெஸ்ஸில் சொல்ல வேண்டும். அந்திப் பலூன் இருட்டில் தெரியாது. அதனால் அதன் அடியில் ஒரு சின்ன விளக்கைக் கட்டித் தொங்கவிடுவோம். கட்டுவதற்கு அலுவலகம் கொடுத்த சணல் சரட்டை எலிகள் தின்று தீர்த்துவிட்டன. மேலதிகாரியிடம் சொன்னால், "அடுத்த சரக்கோட வரும்" என்கிறார். அது வருவதற்குள் எலிகளுக்குப் பேரன் பேத்தி பிறந்துவிடும். இந்த வாரம் பாவாடை நாடாவை உருவிக் கட்டினேன். அது இப்போது எந்த ஊர் மரத்தில் தொங்குகிறதோ.

ஆகவே மெல்லிய, உறுதியான சரடு ஒரு பந்து அனுப்புங்கள்.

இங்கே போன் எடுக்காது. வயர்லெஸ்ஸில் காற்றைத் தவிர வேறு யாரைப் பற்றியும் பேசக் கூடாது. கழுதைக்காரர் வாரம் ஒருமுறை மூட்டை முடிச்சோடு தபாலும் கொண்டுவருவார்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், பிறகு "எங்கிட்ட சொல்லவே இல்லையே" என்று வரக் கூடாது. மழைக்காலம் முடிவதற்குள் நான் மேலதிகாரிக்குப் பதில் சொல்ல வேண்டும். இங்கேயே மூன்று வருஷம் இருக்கிறேனா, இல்லை ஊருக்கே மாற்றல் வாங்கிக்கொள்கிறேனா என்று. இன்னும் முடிவு செய்யவில்லை.

மேலே இருப்பவள்

*

ஜூன் 15

காற்று மகாராணிக்கு,

இரண்டு மாதம் கழித்து ஒரு கடிதம். கவரைப் பல்லால் கடித்துக் கிழித்தேன் என்று எழுதினால், "ஆரம்பிச்சிட்டீங்களா கயிறு திரிக்க" என்பாய். சத்தியமாகப் பல்லால்தான் கிழித்தேன். பிரித்துப் பார்த்தால் சரடு வேண்டுமாம்! நானும் எத்தனையோ கனவு கண்டேன், அதில் ஒன்றில்கூடச் சரடு வரவில்லை.

இருந்தாலும் கேட்டது நீயாயிற்றே. பட்டறையில் இருப்பதிலேயே உசத்தியான சரக்கு, ஒன்றுக்கு இரண்டு டப்பாவாக வைத்திருக்கிறேன். யானையைக் கட்டினாலும் தாங்கும்.

இங்கே எல்லாம் அப்படியே இருக்கிறது. அலமாரி நிறையப் பிளாஸ்டர் வாய்கள். பல்செட் செய்யச் சொல்லிப் பல் டாக்டர் அனுப்புகிற அச்சில் ஊற்றி எடுத்து வரிசையாக அடுக்கியிருக்கிறேன். உரக்கடைக்காரர் வாய், பத்திர எழுத்தர் வாய், நம் தெருக்கோடி வீட்டம்மாவின் வாய். வீட்டில் பேசுகிற வாய் ஒன்றுதான். அதுவும் இப்போது இவற்றோடுதான் பேசுகிறது. நான் என்ன சொன்னாலும் பல்லை இளிக்கின்றன. மெழுகு வேலைக்கு வருகிற அக்கா, "நீங்க தனியா பேசறதைப் பார்த்தா எனக்கே பயமா இருக்கு, தம்பி" என்கிறார்.

அப்பாவின் பல்செட் இன்னும் அந்தக் கண்ணாடித் தம்ளரில்தான் இருக்கிறது. தினமும் தண்ணீர் மாற்றுகிறேன். ஏன் என்று கேட்காதே. கை தானாகப் போகிறது.

மூன்று வருஷம் என்று எழுதியிருக்கிறாய். அதைப் பற்றி நான் என்ன சொல்ல? வாசலில் நடந்ததைப் பற்றி நீ எழுதவில்லை, இதைப் பற்றி நான் எழுதவில்லை. கணக்கு நேர்.

பல்லுக்காரன்

*

ஜூன் 29

பல்லுக்காரருக்கு,

நீங்கள் அனுப்பியது பல் இடுக்கில் விட்டுத் தேய்க்கிற சரடு. மெழுகு பூசியது, புதினா வாசனை வேறு. அதில் முடிச்சு நிற்குமா? பலூன் கூரையைத் தாண்டவில்லை, முடிச்சு வழுக்கி அவிழ்ந்து விளக்கு ஓட்டின்மேல் விழுந்தது. பலூன் மட்டும் புதினா மணத்தோடு வானத்துக்குப் போனது. யானையைக் கட்டும் என்றீர்களே, அந்த யானைக்கும் பல் வலியோ?

சிரிக்காதீர்கள். அன்று அந்தி நேரத்துக் காற்று என்ன வேகம் என்று எனக்குத் தெரியாது. அதைத் தெரியாது என்றே வயர்லெஸ்ஸில் சொல்ல வேண்டியதாயிற்று.

ஆனால் இப்போது சரடு இருக்கிறது. நானே செய்தேன். கழுதை ஒரு நாள் கட்டை அறுத்துக்கொண்டது. கழுதைக்காரர் பாதையோரத்தில் நாலு செடியை ஒடித்தார், தோலை உரித்தார், விலைவாசியைத் திட்டிக்கொண்டே முறுக்கினார், கயிறு வந்துவிட்டது. அவருக்கு அது மூக்கைத் துடைக்கிற மாதிரி. கழுதையை இழுத்துக்கொண்டு இறங்கிப் போய்விட்டார். கீழே கிடந்த மிச்சத் துண்டை எடுத்து நான் புரி புரியாகப் பிரித்துப் பார்த்தேன். பிரிக்கப் பிரிக்க எப்படிச் சேர்த்திருக்கிறார் என்று புரிந்தது.

செடி காஞ்சொறி. தொட்டால் தீப்பட்ட மாதிரி எரியும். உங்கள் காலுறை ஒரு ஜோடி என் பெட்டியில் வந்துவிட்டது, அதைக் கையில் மாட்டிக்கொண்டு அறுத்தேன். இலையை உருவிவிட்டு, தண்டுகளை ஓடைப் பள்ளத்தில் கல் வைத்து அமுக்கி ஊறப் போட்டேன். தண்ணீரின்மேல் ஏடு படிந்தது. நாற்றம் சொல்லி முடியாது. ஆனால் தண்டைத் தூக்கினால் தோல் தானாகக் கழன்று கையோடு வருகிறது. அலசி அலசி எடுத்தால் உள்ளே நார். கம்பிக்கொடியில் காயப் போட்டேன். காய்ந்தபிறகு, பல்செட்டைத் தம்ளரில் விட்டுவிட்டுப் போனாரே மாமா, அவர் தலைமுடி மாதிரியே இருந்தது. அதே நிறம், அதே மிருது. மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்துவிட்டேன். மேகம் கதவைத் தட்டாமல் உள்ளே வந்து, கட்டிலைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் பின்வாசல் வழியாகப் போனது. நானும் அதோடு கொஞ்ச தூரம் போன மாதிரி இருந்தது.

முறுக்குவது இப்படி. நாரை ஈரமாக்கி மடித்து, மடிப்பை ஒரு ஆணியில் மாட்டுங்கள். இரண்டு புரி தொங்கும். ஒன்றை வெளிப்பக்கமாக முறுக்கி, முறுக்கியபடியே மற்றதன்மேல் உள்பக்கமாகக் கொண்டுவாருங்கள். அடுத்து மற்றது. அவ்வளவுதான். ஒவ்வொரு புரியும் தன் முறுக்கை அவிழ்த்துக்கொள்ளத்தான் பார்க்கிறது. அந்தத் துடிப்பே இரண்டையும் ஒன்றோடொன்று இறுக்கிவிடுகிறது. நார் தீரப்போகும்போது புது நாரைச் சேர்த்து முறுக்கினால் எவ்வளவு நீளம் வேண்டுமானாலும் போகலாம். செய்யச் செய்ய நேரம் போவது தெரியவில்லை. கை விழித்திருக்கிறது, நான் தூங்குகிறேன்.

இதையெல்லாம் உங்களுக்கு ஏன் எழுதுகிறேன் என்று தெரியவில்லை. எழுதிவிட்டேன்.

மேலே இருப்பவள்

*

ஜூலை 13

காற்று மகாராணிக்கு,

புதினாவுக்கு மன்னிப்பு. மெழுகு அக்காவிடம் சொன்னேன், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "பொண்டாட்டி கயிறு கேட்டா பல்லுக்குத் தர்றதையா அனுப்புவாங்க? உங்களை விட்டுட்டுப் போனதுல ஒண்ணும் ஆச்சரியமில்ல" என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

இத்தனை வருஷம் வாயால் கயிறு திரித்தவன் கையால் திரித்தால் என்ன என்று தோன்றியது. ரயில்வே கூட்ஸ் ஷெட்டுக்குப் பின்னால் துத்திச் செடி இடுப்பளவு நிற்கிறது. ஒரு கட்டு அறுத்துக்கொண்டு வந்தேன். வாட்ச்மேன், "மருந்துக்கா சார்?" என்றார். ஆமாம் என்றேன். பொய் சொன்ன மாதிரி இல்லை.

குளியலறைத் தொட்டியில் ஊறப் போட்டேன். வீடு நாறுகிறது. பக்கத்து வீட்டுக்காரர் சாக்கடை அடைத்துக்கொண்டதோ என்று இரண்டு தடவை வந்து எட்டிப் பார்த்தார். ஆணி தேடவில்லை, மடிப்பை உரக்கடைக்காரரின் கோரைப்பல்லில் மாட்டினேன். அவர் இதுவரை யாருக்கும் இவ்வளவு உதவியாக இருந்ததில்லை. மற்ற வாய்களெல்லாம் வேடிக்கை பார்க்க, முறுக்கினேன், சேர்த்தேன், முறுக்கினேன், சேர்த்தேன். நீ சொன்னது நிஜம். தூக்கம் மாதிரி ஒன்று வருகிறது, ஆனால் தூக்கமில்லை.

பிறகு உண்மையாகவே தூங்கிவிட்டேன் போலிருக்கிறது. கனவில் கயிறு என் கையைவிட்டு ஜன்னல் வழியாகப் போய்க்கொண்டே இருந்தது. மாடிகளைத் தாண்டி, தண்ணீர்த் தொட்டிகளைத் தாண்டி, மேலே. மறுமுனையில் யாரோ மெல்ல இழுத்துப் பார்த்தார்கள். அறுகிறதா இல்லையா என்று பார்க்கிற மாதிரி, ரொம்ப மெதுவாக. நானும் இழுத்தேன். விழித்தபோது மேஜைமேல் எச்சில் வடித்துக்கொண்டு கிடக்கிறேன், மணிக்கட்டில் கயிறு சுற்றியிருக்கிறது.

ஒரு சந்தேகம். ஒழுங்காகத்தான் வருகிறது, ஆனால் இழுத்துப் பார்த்தால் ஒரே இடத்தில் படக்கென்று அறுந்துபோகிறது. எத்தனை தடவை செய்தாலும் அப்படித்தான். துண்டு ஒன்றை இதில் வைத்திருக்கிறேன். பார்த்துச் சொல்.

பல்லுக்காரன்

*

ஜூலை 30

பல்லுக்காரருக்கு,

துண்டைப் பிரித்துப் பார்த்தேன். முறுக்கு நன்றாக இருக்கிறது. மெழுகில் பல் செதுக்குகிற கை, சொல்லவா வேண்டும். குற்றம் மடிப்பில். நாரைச் சரியாக நடுவில் மடித்திருக்கிறீர்கள். இம்மி பிசகாமல், சரிபாதியாக.

அப்படி மடிக்கவே கூடாது. ஒரு பக்கம் நீளமாக, ஒரு பக்கம் குட்டையாக மடிக்க வேண்டும். சரிபாதியாக மடித்தால் இரண்டு புரியும் ஒரே இடத்தில் தீர்ந்துபோகும். ஒரே இடத்தில் இரண்டிலும் புது நார் சேர்க்க வேண்டியிருக்கும். அந்த இடத்தில் பிடித்துக்கொள்ள ஒன்றும் இருக்காது, அறுந்துவிடும். ஒன்று தீரும்போது மற்றது முழுசாக இருக்க வேண்டும். போன கடிதத்தில் நான் இதைச் சொல்ல மறந்துவிட்டேன். ஆனால் சொல்லாமல் விட்டால் வேறு யாராக இருந்தாலும் எப்படியோ கோணல்மாணலாகத்தான் மடித்திருப்பார்கள். நீங்கள்தான் அளந்து மடித்திருப்பீர்கள். நானும் அப்படித்தான் செய்திருப்பேன். கழுதைக்காரர் துண்டில் பார்த்ததால் தப்பித்தேன்.

இதை எழுதிவிட்டுப் பேனாவை வைத்துவிட்டேன். ஓடை வரைக்கும் போய்விட்டு வந்து இப்போது மறுபடி எழுதுகிறேன்.

சமையலறைக் கதவில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டிருந்தோம், ஞாபகம் இருக்கிறதா என்று கேட்கப்போவதில்லை. இந்தப் பக்கம் உங்கள் முறை, அந்தப் பக்கம் என் முறை. மாமாவைக் குளிப்பாட்டினால் ஒரு புள்ளி, மருந்து கொடுத்தால் ஒரு புள்ளி, ராத்திரி விழித்தால் ஒரு புள்ளி. ஊரே மெச்சியது. "இப்படி ஒரு புருஷன் பொண்டாட்டியா!" என்று. நமக்கும் பெருமைதான். ஒருத்தர்மேல் மட்டும் பாரம் விழக் கூடாது என்று நல்ல மனசோடுதான் செய்தோம். ஆனால் இரண்டு பேரும் ஒரே சமயத்தில் தீர்ந்துபோனோம். உங்களைப் பிடித்துக்கொள்ள என்னிடம் ஒன்றும் இல்லை, என்னைப் பிடித்துக்கொள்ள உங்களிடமும் இல்லை.

கடைசி நாள் கதவு ஈரத்தில் கோடும் புள்ளிகளும் அழிந்துபோயிருந்தன. நீங்கள் என் முறை என்று தூங்கினீர்கள், நான் உங்கள் முறை என்று தூங்கினேன். விடிந்து பார்த்தால் மாமா போயிருந்தார். தூக்கத்திலேயே போயிருக்கிறார், பக்கத்தில் யார் இருந்தாலும் ஒன்றும் செய்திருக்க முடியாது என்று டாக்டர் சொன்னார். அதை நான் நம்புகிறேன். மாமா முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது, நல்ல தூக்கம்.

நான் மாற்றல் உத்தரவோடு கிளம்பி நின்றபோது வாசலில் என் பெட்டியைப் பார்த்து நீங்கள் கேட்டீர்களே, "அன்னிக்கு உன் முறைதானே?" என்று. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. இன்றைக்கும் முடியவில்லை.

துண்டைத் திருப்பி அனுப்பவில்லை. விளக்குக் கம்பியில் சுற்றி வைத்திருக்கிறேன்.

மேலே இருப்பவள்

*

ஆகஸ்ட் 19

உனக்கு,

கடிதம் வந்தது. பல தடவை பதில் எழுதிக் கிழித்தேன்.

அன்று யார் முறை என்று எனக்குத் தெரியாது. உனக்கும் தெரியாது. தெரியாததைத்தான் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது, சரி. நீ மட்டும் சும்மா போனாயா? "பல்லைக் கடிச்சுக்கிட்டு இங்கயே இருங்க, அதுதானே உங்க தொழில்" என்று சொல்லிவிட்டுத்தானே ஆட்டோவில் ஏறினாய்? அந்த ஆட்டோக்காரர் இன்றைக்கும் என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரிக்கிறார்.

கதவைத் தேய்த்துக் கழுவி வண்ணம் அடித்துவிட்டேன். மஞ்சள். நன்றாகவே இல்லை.

ஒரு பக்கம் நீளமாக மடித்துச் செய்தேன். அறுந்துபோகவில்லை. கையை விரித்து அளந்தால் இரண்டு பாக நீளத்துக்கு வந்தது, இதில் சுருட்டி வைத்திருக்கிறேன். உன் கயிற்றோடு ஒட்டுப்போட்டுக்கொள், நீளம் கூடும்.

மூன்று வருஷ விஷயத்துக்கு வருகிறேன். யோசித்து யோசித்து மண்டை காய்ந்துவிட்டது. ஒரு வழி தெரிகிறது. ஆறு மாதம் நான் அங்கே வருகிறேன். ஆறு மாதம் நீ லீவு போட்டு இங்கே வா. யாருக்கும் கூடக்குறைச்சல் இல்லை. உனக்கும் சரி, எனக்கும் சரி. என்ன சொல்கிறாய்?

நான்தான்

*

செப்டம்பர் 7

பல்லுக்காரருக்கு,

முதலில் உங்கள் கயிற்றைப் பற்றி. ஒட்டுப்போட முடியவில்லை. சேர்த்து முறுக்கினால் பிரிந்துகொண்டே போனது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். என் கயிற்றின் வரிகள் ஒரு பக்கம் சாய்கின்றன, உங்களுடையது நேர்மாறாகச் சாய்கிறது. அப்புறம்தான் மண்டையில் உறைத்தது. நீங்கள் இடதுகைக்காரர்! ஒரே தட்டில் சாப்பிட்டால் கை இடித்துக்கொள்கிற ஆளோடு இத்தனை வருஷம் குடித்தனம் நடத்திவிட்டு இது தோன்றவில்லையே எனக்கு.

தூக்கிப் போட மனசு வரவில்லை. ஒட்டுப்போடாமல் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, விளக்கை இரண்டிலும் சேர்த்துக் கட்டினேன். இதுநாள் வரை என் கயிறு ஒன்றில் மட்டும் கட்டி அனுப்பும்போது விளக்கு சுற்றிக்கொண்டே போகும். கயிறு தன் முறுக்கை அவிழ்க்கப் பார்க்கும், விளக்கு பம்பரமாகும், தொலைநோக்கியில் தெரிந்து மறைந்து தெரிந்து மறைந்து என் கண்ணைப் பிடுங்கும். அன்று சுற்றவில்லை. உங்கள் கயிறு ஒரு பக்கம் திருப்பப் பார்க்கிறது, என் கயிறு மறுபக்கம் திருப்பப் பார்க்கிறது. விளக்கு நடுவில் பேசாமல் நின்றபடி ஏறியது. மேகத்துக்குள் போய் மங்கி, மறுபக்கம் வெளியே வந்து, இன்னும் மேலே. நான் அளவுகளைச் சொல்லி முடித்தபிறகும் கண்ணை எடுக்கவில்லை. எனக்குக் கீழே மலை இருக்கிறதா என்றே தெரியவில்லை. சந்தோஷமாக இருந்தது. மாமா போனபிறகு முதல்முறையாக, காரணமில்லாமல், சந்தோஷமாக இருந்தது.

அந்தச் சந்தோஷத்தோடுதான் உங்கள் கடிதத்தின் கடைசிப் பத்தியை மறுபடி படித்தேன். ஆறு மாதம் நான், ஆறு மாதம் நீ. என்ன மனுஷர் நீங்கள்? கயிற்றில் புரிந்துகொண்டதை இவ்வளவு சீக்கிரம் மறந்துவிட்டீர்களா? மறுபடியும் நடுவில் மடிக்கிறீர்கள். இந்த மலையில் எந்தக் கதவில் கோடு போடுவது? இத்தனாம் தேதிக்குப் பிறகு யார் முறை என்று நான் இங்கேயும் விரல்விட்டு எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டுமா? எனக்கு வேண்டாம்.

மேலதிகாரி மழைக்கு முன்பே ஏறி வந்துவிட்டார். மூச்சு வாங்க நின்றுகொண்டு, "என்னம்மா முடிவு?" என்றார். இருக்கிறேன் என்று சொல்லிவிட்டேன். மூன்று வருஷம். உங்களைக் கேட்கவில்லை. கேட்டால் பாதி நாள் என்பீர்கள், நானும் தலையாட்டிவிடுவேன்.

அந்த மஞ்சள் கதவு வீட்டுக்கு என்னால் இப்போது வர முடியாது. உங்கள்மேல் கோபத்தால் இல்லை. இங்கே எனக்குத் தூக்கம் வருகிறது. அவ்வளவுதான் காரணம். உங்களுக்கு இது போதாது என்று தெரியும்.

மேலே இருப்பவள்

*

அக்டோபர் 3

உங்களுக்கு,

கடிதம் இல்லை. கழுதைக்காரர் அரிசி கொண்டுவந்தார், மண்ணெண்ணெய் கொண்டுவந்தார், அலுவலகம் சணல் பந்துகூட அனுப்பிவிட்டது. உங்களிடமிருந்து ஒன்றும் இல்லை. அவர் வருகிற நாளில் பாதையின் திருப்பம் வரைக்கும் போய் நிற்கிறேன். கழுதைக்கே என்மேல் பரிதாபம் வந்துவிட்டது.

கோபமா? கோபம் என்றால் கோபம் என்று எழுதுங்கள். உடம்பு சரியில்லையா? மெழுகு அக்காவையாவது நாலு வரி எழுதச் சொல்லுங்கள்.

மழை விடுவதே இல்லை. காஞ்சொறி எல்லாம் பூத்து முற்றிவிட்டது, நார் கட்டையாக வருகிறது. சணல் பந்து இருக்கிறது, இருந்தும் முறுக்கிக்கொண்டிருக்கிறேன். எதற்கென்று கேட்டால் சொல்லத் தெரியாது.

உங்களை வாருங்கள் என்று நான் கூப்பிடவில்லை. கூப்பிடவில்லை என்று மெனக்கெட்டு எழுதுவதும் கூப்பிடுவதுதானோ என்னவோ.

*

அக்டோபர் 12, காலை

உனக்கு,

பென்சிலில் எழுதுகிறேன், மடியில் வைத்து. மலையடிவாரத்து டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன். கயிறு திரிக்கவில்லை. கழுதைக்காரரையே கேட்டுப் பார், என் முகத்தைப் பார்த்துக்கொண்டுதான் நிற்கிறார். "எழுதி முடிங்க சார், மழை வந்துடும்" என்கிறார்.

உன் செப்டம்பர் கடிதத்துக்குப் பதில் எழுதவில்லை. கோபம்தான், மறைக்கவில்லை. என்னைக் கேட்காமல் மூன்று வருஷத்தைத் தூக்கிக் கொடுத்துவிட்டாளே என்று அலமாரியில் இருக்கிற அத்தனை வாய்களிடமும் சொல்லித் திட்டினேன். பிறகு ஒரு நாள் மத்தியானம், 'ஆறு மாதம்' என்று எழுதினேனே, அது உனக்காக எழுதியதா என்று யோசித்தேன். இல்லை. நீ என்னைவிடக் கூடுதலாகச் செய்துவிட்டால் அதை எப்படித் தாங்குவது என்ற பயம். நான் கூடுதலாகச் செய்துவிட்டால் அதை உன்னிடம் சொல்லிக்காட்டாமல் எப்படி இருப்பது என்ற பயம். அப்பா விஷயத்திலும் இதேதான்.

அக்டோபர் கடிதம் நான் கிளம்புகிற அன்று வந்தது. பையைத் தூக்கிய கையோடு வாசலிலேயே நின்று படித்தேன். அதற்கு முன்பே பட்டறைச் சாவியை மெழுகு அக்காவிடம் கொடுத்தாயிற்று. "எப்ப வருவீங்க தம்பி?" என்றார். தெரியாதுக்கா என்றேன். "அப்பாடா" என்றார்.

பிளாஸ்டர் மூட்டை ஒன்று, மெழுகு, சின்ன அடுப்பு எல்லாம் கொண்டுவந்திருக்கிறேன். இந்த டீக்கடையில் உட்கார்ந்திருக்கிறவர்களில் முழுப்பல்லோடு இருப்பது நானும் கழுதையும்தான். பிழைப்புக்குக் கவலை இல்லை.

எத்தனை நாள் இருப்பேன் என்று கேட்காதே. உன் பங்குக்கு நீ என்ன செய்ய வேண்டும் என்றும் கேட்காதே. ஒன்றுமே செய்ய வேண்டாம். ஒரு வருஷம், இரண்டு வருஷம், நான் மட்டும்தான் இழுத்துக்கொண்டு போக வேண்டும் என்றால் போகிறேன். என்னிடம் இப்போது மிச்சம் இருக்கிறது.

ஆனால் கூப்பிடாத வீட்டுக்கு ஏறி வர எனக்குக் கால் வரவில்லை. பயமாக இருக்கிறது, உண்மையைச் சொன்னால். இந்தச் சீட்டைக் கழுதைக்காரரிடம் முன்னால் அனுப்புகிறேன். வேண்டாம் என்றால் வேண்டாம் என்று எழுதி அனுப்பு, சாயங்கால பஸ் இருக்கிறது. நான் இங்கேயே உட்கார்ந்திருக்கிறேன்.

நான்தான்

*

அக்டோபர் 12, மத்தியானம்

ஏறி வா.

ஓடி வராதே, மூச்சு வாங்கும். உட்கார்ந்து உட்கார்ந்து வா. மூட்டையைக் கழுதைமேல் போட்டுவிடு, தூக்கிக்கொண்டு வந்து பெருமை அடித்துக்கொள்ளாதே.

ரெண்டு பேருக்கு உலை வெச்சிருக்கேன்.